நிலக்கரிப் பாத்தியில் ஏழு ஸ்ப்ரூஸ்

முத்தாண்டிக்குப்பம்
9-6-2014

அண்ணா,

இல்லை, நீலம் பிழைக்கவில்லை. மூன்றுமே.

அம்மாவிடம் கேட்டு அனுப்பினாயாம். மூன்று வாரமாக உள்ளே இருக்கிறாய். இரண்டு கையிலும் கட்டு. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று நீ கேட்ட முதல் கேள்வி செடியைப் பற்றி. "என்னா புள்ளடி பெத்து வச்சிருக்கேன்" என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள்.

உடம்பு எப்படி என்று கேட்டுத்தான் தொடங்கியிருக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். அம்மாவுக்கு மூச்சிரைப்பு பரவாயில்லை. எனக்கு ஒன்றுமில்லை.

ஏழில் ஐந்து பாத்தியிலேயே போயின. நீல ஸ்ப்ரூஸ் மூன்று, கூம்பாக நிற்கும் குட்டை ஸ்ப்ரூஸ் இரண்டு. வேர் வெந்துவிட்டது. மேலே மட்டும் ஒரு வாரம் பச்சையாகவே இருந்தது. ஸ்ப்ரூஸ் குளிர்மலை ஊசியிலை மரம், செத்ததை உடனே காட்டாது என்று நீதான் சொல்வாய். பாத்தியிலிருந்து நீ தொட்டிக்கு மாற்றியிருந்த இரண்டுக்கு மட்டும் உயிர் இருக்கிறது: ஒரு கூம்பு, பறவைக் கூடு மாதிரிப் பரந்த ஒரு கூடு. நீ வேலை பார்த்த பங்களாவின் விஜயகுமாரி மேடம் ஆள் விட்டுக் கூப்பிட்டார். "சிம்லாவிலிருந்து என் தம்பி மடியில வச்சு எடுத்துட்டு வந்ததும்மா. உங்கண்ணனைத் தவிர யாருக்கும் இதோட பாஷை தெரியாது. நீயாவது வந்து தண்ணி ஊத்து" என்றார். எந்தத் தைரியத்தில் என்னை அந்த பங்களாவுக்குள் விடுகிறார் என்று தெரியவில்லை. போகிறேன். எரிந்த பாத்தியைத் தாண்டித்தான் குழாய்க்குப் போக வேண்டும்.

பேப்பரில் நான்கு வரி வந்தது. வெட்டி வைத்திருக்கிறேன். "நெய்வேலி டவுன்ஷிப்பில் அதிகாரி பங்களாவில் வேலை செய்துவந்த ஒப்பந்தத் தோட்டக்காரர் மதிவாணன் (31), தோட்ட ஒப்பந்ததாரர் தங்கராசுவை மண்வெட்டியால் தாக்கினார். அழகுச் செடிகள் கருகியது தொடர்பான தகராறு. வாலிபர் சரண்."

தங்கராசு புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இருக்கிறான். கண் திறக்கவில்லை.

பார்க்க வருபவர்கள் மனுவில் என் பெயரை மட்டும் அடித்துவிட்டாயாம், என்னைப் பார்க்க மாட்டேன் என்று. சரி. எழுதுகிறேன். பதில் வந்தால் போதும்.

அன்பு


சிறை
18-6-2014

அன்புக்கரசிக்கு,

சொல்வது உன் அண்ணன். எழுதுவது அப்துல் கபார், நெல்லிக்குப்பம், இதே செல். அவருக்குக் கை ஆறும்வரை என் கையை இரவல் கொடுத்திருக்கிறேன். சலாம். இனி வருவது அவர் பேச்சு. திருத்தவில்லை.

அன்பு, நான் நல்லா இருக்கேன். மூணு வேளையும் போடறாங்க. அம்மாவுக்கு அந்த பம்பு மருந்தை நிறுத்தாத. நீ வேளைக்கி சாப்பிடு.

செடி விஷயம் கேட்டுக்கோ. ஐஸ் வைக்காத. மந்தாரக்குப்பம் மீன் கடையிலேர்ந்து கட்டி வாங்கியாந்து வேர்ல வச்சேனே, அது தப்பு. மலைல பனி வுழுதுன்னு செடி நெனச்சிக்கும்னு நெனச்சேன். அது நம்மளவிட வெவரம். வெயில் ஏர்றதுக்கு முன்ன ஒரு தரம், எறங்கின பொறவு ஒரு தரம் தண்ணி. எலை மேல தெளிச்சு வுடு. கூட்டை மாமரத்து நெழலுக்குத் தள்ளு. வளரலைன்னு பயந்துக்காத. வருசத்துக்கு ரெண்டு அங்குலம்தான். அதோட சாதியே அப்படி.

அன்னைக்கி நடந்ததை எழுதாத. இங்க படிச்சிட்டுத்தான் குடுக்கறாங்க. எழுதறதுக்கும் ஒண்ணுமில்ல. பாத்தி எரிஞ்சுது, அவன் வந்தான், நான் அடிச்சேன். ஒரே அடி. நீ அந்த நேரம் வூட்ல இருந்த. அவ்ளோதான்.

நவம்பர்ல எம்.ஏ. பரீச்சை. எழுதிடு.

மதி

(கபார்: "ஒரே அடி" என்று மூன்று தரம் சொன்னார். ஒரு தரம்தான் எழுதினேன்.)


முத்தாண்டிக்குப்பம்
3-7-2014

அண்ணா,

கபார் பாய்க்கு என் வணக்கத்தைச் சொல். அம்மாவுக்கு மூச்சு பரவாயில்லை. கைதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். தங்கராசுவின் தம்பி, மச்சான், இன்னும் ஆறு பேர். பகல் பதினொரு மணி. எதிர்வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. யாரும் வெளியே வரவில்லை. முதலில் ஓடு. பிறகு கிரைண்டர். தண்ணீர்க் குடங்களை ஒவ்வொன்றாக மிதித்து நசுக்கினார்கள், அவசரமே இல்லாமல். மச்சான் என் முடியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

"எங்கடி அந்த புக்கு? எங்க மாமன் அங்க சாவக் கெடக்குறான், உங்களுக்கு செடியில படிப்பு வேற கேக்குதா?"

அம்மா குறுக்கே வந்தாள். அவள் கையை நிலைப்படியில் வைத்து மடக்கினார்கள். எலும்பு உடையும்போது சத்தம் சின்னதாகத்தான் இருக்கிறது. முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில்.

புத்தகத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார்கள். மேடம் கொடுத்த ஆங்கிலச் செடிவளர்ப்புப் புத்தகம். நான் அதற்காக அழவில்லை. எரிய வேண்டியதுதான்.

யோசித்துப் பார். அதை உனக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னது நான். ஸ்ப்ரூஸுக்குப் புளிப்பு மண் வேண்டும், பீட் கலந்து நடு என்று இருந்தது. பீட் என்றால் என்ன என்று நீ கேட்டாய். சதுப்பில் மட்கிய செடி, அதையே பல லட்சம் வருடம் பூமி அழுத்தி வைத்தால் பழுப்பு நிலக்கரி என்றேன். "அடப் போ, அதான் நம்மூர்ல மலை மலையாக் கெடக்கே" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். முழங்கால் ஆழத்துக்கு வெட்டிய பாத்தியில் அரை டிராக்டர் நிலக்கரித் தூள்.

குவிந்து கிடக்கும் நிலக்கரி வெயிலில் தானே பிடித்துக்கொள்ளும். இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். சுரங்கத்து ஓரத்தில் நெருப்பில்லாமல் எழும் புகையைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள் நாம். அதற்குப் பாத்தி என்று பெயர் வைத்ததும் மறந்துவிட்டோம். மே மாதம் வரை மறந்திருந்தோம்.

ஒரே அடி என்கிறாய். படித்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு


சிறை
11-7-2014

அன்புக்கரசிக்கு,

இது முழுக்க கபார். உன் அண்ணன் சொல்லி எழுதவில்லை.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அம்மாவின் கை வந்த இடத்தில் எழுந்து போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். தலையைச் சுவரில் மோதினார். மறுபடி மோதினார். மூன்று பேர் சேர்ந்து பிடித்தோம். நெற்றியில் ஐந்து தையல்.

அதற்கு மறுநாள் குளிக்கும் இடத்தில், வேறு வழக்கில் வந்திருந்த தங்கராசுவின் பங்காளி ஒருவன் அலுமினியத் தட்டின் விளிம்பால் இவர் முகத்தில் நான்கைந்து முறை அடித்தான். உன் அண்ணன் கையைத் தூக்கவில்லை. தூக்கினாலும் பயனில்லை. தப்பித்துக்கொள்ளத் தெரியாத மனிதராக இருக்கிறார். எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

என் சொந்தத் தம்பியின் தாடையை உடைத்துவிட்டு உள்ளே இருப்பவன் நான். அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

இன்று அவர் சொல்லச் சொன்னது இவ்வளவுதான்: "அம்மாவைக் காடாம்புலியூர் அத்தை வூட்டுக்கு அனுப்பு. நீயும் போ. கூட்டுக்கு நெழல் குடு."

நலமாக இரு.

அப்துல் கபார்


முத்தாண்டிக்குப்பம்
27-7-2014

அண்ணா,

வியாழக்கிழமை தங்கராசு இறந்துவிட்டான். உனக்குச் சொல்லியிருப்பார்கள். கொலை வழக்காக மாற்றிவிட்டார்கள்.

அம்மா அத்தை வீட்டில் இருக்கிறாள். நான் போகவில்லை. தையல் பிரித்தார்களா?

நேற்று வக்கீல் பழனிசாமி வந்தார். ஓடு இல்லாத இடத்தில் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன், அதன் கீழே நாற்காலி போட்டேன்.

"நல்ல சேதி ஒண்ணு இருக்கும்மா. அன்னைக்கி ஆஸ்பத்திரில எழுதின தாளைப் பாத்தேன். ரெண்டு உள்ளங்கையும் உரிஞ்சு போயிருக்கு. தங்கராசு உங்கண்ணன் கையைப் பிடிச்சு எரியற பாத்தியில அழுத்தியிருக்கான். அப்படி வெந்த கையால மண்வெட்டியத் தூக்க முடியுமா? ஜட்ஜு கேப்பாரு இல்ல?"

சந்தோஷமாக டீயை ஊதினார். பிறகு ஊதுவதை நிறுத்தினார்.

"ஆனா மூணு அடிம்மா. தோள்ல ஒண்ணு. தலையில ரெண்டு." என்னைப் பார்த்தார். "இவன் அடிக்கலைன்னா, அப்ப யாரு?"

டம்ளரை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அதில் பாதி டீ இருந்தது.

"நீ எங்கம்மா இருந்த?"

"வீட்ல."

"மத்தியானச் சோறு யாரு எடுத்துக்கினு போவாங்க அவனுக்கு?"

அவர் செருப்பை மாட்டும்போது, "யோசிச்சு வைய்யி. அடுத்த வாரம் வரேன்" என்றார்.

கூம்பு நன்றாக இருக்கிறது. கூட்டுக்கு நடுவில் பழுப்பு தட்டுகிறது.

அன்பு


சிறை
6-8-2014

அன்பு,

நல்லாத்தான் இருக்கேன். தையல் பிரிச்சாச்சு.

அந்த வக்கீலு வேணாம். இன்னைக்கே சொல்லிடு. கையி வெந்தா என்னா? கோவம் வந்தா மனுசன் எதை வேணா புடிப்பான். புடிச்சேன், அடிச்சேன். மூணுன்னு எழுதியிருந்தா மூணு. எண்ணிக்கினா அடிப்பாங்க?

நான் சொல்றதக் கேளு. பத்து வருசம் கான்ட்ராக்டுல கெடந்தேன். பர்மனெண்ட் ஆயிடும், குவார்ட்டர்ஸ் வரும்னு சொல்லிக்கினே அலைஞ்சேன். இங்க ஒரே நாள்ல பர்மனெண்ட் ஆக்கிட்டாங்க. சிரி. நீ சிரிக்கிறதுக்குத்தான் சொன்னேன்.

நீ படிச்ச புள்ள. வெளிய இரு.

நடுவுல பழுப்புன்னா தண்ணி தேங்குது. தொட்டியைச் சாச்சுப் பாரு.

மதி

(கபார்: இரண்டு மாதமாக இவருக்கு நான் சோறு ஊட்டுகிறேன். கட்டுப் பிரித்த பிறகும் கரண்டி நிற்கவில்லை. இதை எழுதாதே என்று கத்துகிறார். இரவல் கொடுத்தவன் நான், எனக்கும் இரண்டு வரி உண்டு.)


சிறை
15-9-2014

அன்பு,

இது நானே எழுதுகிறேன். கபார் பாய்க்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆகிறது.

ஆறு வாரமாக உன் கடிதம் இல்லை. அம்மா வந்தாள். நீ செடிக்குப் போகிறாய் என்றாள். வேறு சொல்லவில்லை. உடம்பு சரியில்லையா? கூடு என்ன ஆயிற்று?

எழுத முடியவில்லை என்றால் வெறும் தாளை மடித்து அனுப்பு.

மதி


முத்தாண்டிக்குப்பம்
2-10-2014

அண்ணா,

வெறும் தாளைத்தான் மடித்து வைத்திருந்தேன். இரண்டு நாள் மேசையில் இருந்தது. உன் கோணல் எழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு எழுதத் தொடங்கினேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. கை சற்று வளைந்தே கூடியிருக்கிறது.

கூடு ஆகஸ்டில் செத்தது. கூம்பில் ஒரு விஷயம். உச்சிக்குக் கீழே ஒரு கிளை மட்டும் தனியாக, நீளமாக, முரட்டு இலையோடு கிளம்பியிருக்கிறது. ஒரே மாதத்தில் ஒரு சாண். மேடம் கத்தரியை என் கையில் கொடுத்து வெட்டச் சொன்னார். குட்டைச் செடிக்குள் பழைய பெரிய மரம் இருக்கிறதாம், சில நேரம் வெளியே வந்துவிடுமாம். புத்தகத்தில் நானும் படித்திருக்கிறேன். கத்தரியைப் பிடிக்க முடியவில்லை. மே மாதம் அந்த நாளிலிருந்து கைப்பிடி உள்ள எதையும் என்னால் பிடிக்க முடியவில்லை. துடைப்பம்கூட. கீழே வைத்துவிட்டேன்.

நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் ராஜாம்பாள்.

தங்கராசுவின் மனைவி. ஆஸ்பத்திரியில் வார்டு வேலை, கான்ட்ராக்ட். ஆகஸ்டு இரண்டாம் வாரம் ஒரு காலை, ஷிப்ட் முடிந்து அதே நீலப் புடவையோடு பங்களா குழாயடிக்கு வந்தாள். அடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"நீதான அன்புக்கரசி?"

"ஆமாங்க."

"அன்னைக்கி டூட்டில நான்தான் இருந்தேன். உங்கண்ணன் கையில டாக்டரு தோலை வெட்டி எடுக்கச் சொல்ல, மணிக்கட்டைப் புடிச்சிக்கினு நின்னது நான். அழுவாத தம்பின்னேன். தண்ணி டம்ளரைக்கூட அவனால புடிக்க முடியல. நான் வாயில ஊத்தினேன். அப்பதான் பக்கத்து ரூமுக்கு ஸ்ட்ரெச்சர் போச்சு. யாருன்னு எட்டிப் பாத்தேன்."

நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எம் புருசன் நல்லவன்னு நான் சொல்ல மாட்டேன். எம் முதுகைக் காட்டினா அதுவே சொல்லும். மொத அடி அண்ணன் கையைக் காப்பாத்த. ஒத்துக்கறேன். நானா இருந்தாலும் போட்டிருப்பேன். ரெண்டாவது, எழுந்து வந்துடுவானோன்னு பயம். சரி, அதுவும் போவட்டும். மூணாவது எதுக்குடி?"

குழாயைத் திறந்தேன். தண்ணீர் சத்தம் வேண்டியிருந்தது.

"போலீசுகிட்ட நான் போவ மாட்டேன். எங்கிட்ட மட்டும் சொல்லு. கேட்டுக்கினு போயிடறேன். தூக்கம் வரல எனக்கு."

வாளி நிரம்பி வழிந்தது. அவள் என் கன்னத்தில் அறைந்தாள். காது அடைத்துக்கொண்டது. உதடு கிழிந்து வாயில் உப்பு.

"இது ஒண்ணு" என்றாள். "எனக்கு இதோட போதும்னு தோணுது பாத்தியா? உனக்கு ஏன் தோணல?"

போய்விட்டாள். ஒன்றரை மாதமாக அவள் கேட்டதற்குப் பதில் தேடுகிறேன். உனக்குக் கடிதம் எழுத அதில் நேரம் இருக்கவில்லை.

அன்பு


சிறை
12-10-2014

அன்பு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். அதற்குத்தான் எல்லாம்.

கடிதத்தில் இதையெல்லாம் எழுதுவார்களா? படிக்கிறவர் அன்றைக்கு அவசரத்தில் இருந்தார் போல, முத்திரை மட்டும் விழுந்திருக்கிறது. இனி எழுதாதே.

அந்தம்மா போலீசுக்குப் போக மாட்டேன் என்றால் போக மாட்டாள். நீயும் போகாதே. ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் உள்ளே இருந்தால் போதும். அப்பா சுரங்கத்தில் மண் சரிந்து போனபோது உனக்கு ஒன்பது வயது. உன்னைப் படிக்க வைக்கிறேன் என்று யாரிடமும் நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் படிக்க வைத்தேன். அதை வீணாக்காதே. நீ இங்கே வந்தால் நான் வெளியே எதற்கு?

மூன்றாவது அடி, மூன்றாவது அடி என்று நினைத்துக்கொண்டிருக்காதே. நான் எண்ணவில்லை. எனக்குக் கண் மறைத்திருந்தது.

அந்தக் கிளையை யாரிடமாவது கொடுத்து வெட்டு. விட்டால் அது செடியைத் தின்றுவிடும்.

பரீச்சை எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

மதி


முத்தாண்டிக்குப்பம்
20-10-2014

அண்ணா,

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். நேற்று அவளிடம் சொன்னேன். "சோறு எடுத்துக்கினு நீதான போன, எனக்குத் தெரியாதா" என்றாள். நாம் இரண்டு பேரும் அவளை ஏமாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தோம்.

இதைப் படிக்கும் சிறை அதிகாரி அவர்களுக்கும் வணக்கம். இந்த முறை முழுதும் படிக்க வேண்டும்.

மே 17, மத்தியானம் ஒரு மணி. மேடம் சென்னையில் இருந்தார். பாத்தியிலிருந்து புகை வருவதைப் பக்கத்து பங்களா காவலாளி மேடத்துக்குப் போனில் சொல்ல, மேடம் தங்கராசுவைத் திட்டியிருக்கிறார். நான் தூக்குவாளியோடு கேட்டுக்குள் வரும்போது நீ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். நிலக்கரி நெருப்பு தண்ணீருக்கு அடங்காமல் சீறியது. தங்கராசு உன் பின்னால் வந்து முழங்காலால் முதுகில் இடித்துக் குப்புறத் தள்ளினான். "நாப்பது பங்களா கான்ட்ராக்டுடா! உன் மசுரு செடியால போவப்போவுது! கொட்டினது நீதான, கையாலயே அள்ளு" என்று முதுகில் ஏறி உட்கார்ந்து, உன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக் கங்குக்குள் அழுத்தினான். நீ கத்திய சத்தம் உன்னுடையது என்று எனக்கு முதலில் தெரியவில்லை. தோல் பொசுங்கும் வாசனை வந்தது.

மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது. எடுத்தேன். பின்பக்கத்தால் தோளில் அடித்தேன். உன்னை விட்டான்.

திரும்பி எழுந்தான். "அடியேய்" என்று என்னை நோக்கி ஓரடி வைத்தான். காதுக்கு மேலே அடித்தேன். விழுந்தான்.

அத்தோடு முடிந்திருந்தது. அவன் அசையவில்லை. நீ வெந்த கையை மார்போடு வைத்துக்கொண்டு, "போதும் அன்பு" என்றாய். உனக்குக் கண் மறைக்கவில்லை, அண்ணா. நீ பார்த்துக்கொண்டிருந்தாய். "போதும்" என்பது எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்ட பிறகு அடித்தேன்.

ராஜாம்பாள் கேட்டதற்கு இத்தனை நாள் காரணம் தேடினேன். உன் கை. அம்மாவின் மூச்சு. பத்து வருட கான்ட்ராக்ட். ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. அந்த நேரத்தில் பயம் இல்லை. கோபம்கூட இல்லை. கை லேசாக இருந்தது. அவன் கீழே கிடந்தான், நான் நின்றிருந்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம்.

பிறகு நீ மண்வெட்டியை முழங்கையால் இடுக்கி உன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஓடு, வூட்ல இருந்தன்னு சொல்லு" என்றாய். ஓடினேன். தூக்குவாளியைக்கூட மறக்காமல் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

முதல் இரண்டு அடியை நீ உன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். உன் கைக்காக விழுந்தவை. மூன்றாவதைக் கொடுக்க மாட்டேன். அது என்னுடையது. அதை நீ வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும்வரை, நான் வெளியே இருக்கிறேன் என்று சொல்ல முடியவில்லை.

கோபித்துக்கொள். ஆனால் மறுக்காதே. உன் கைக்கு எண்ணெய் தடவ அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். விரலை மடக்கி மடக்கிப் பழகு.

அன்புக்கரசி


அன்புக்கரசி கடிதத்தை ஒட்டி, முத்தாண்டிக்குப்பம் தபால் பெட்டியில் போட்டாள். எட்டரை மணி பஸ்ஸில் டவுன்ஷிப் போய், ஆஸ்பத்திரி வாசலில் ஷிப்ட் முடிந்து வந்த ராஜாம்பாளிடம் பதிலைச் சொன்னாள். பிறகு காவல் நிலையத்துக்கு நடந்தாள்.